கன்னத்தில் வெள்ளைப் பொட்டு

அப்பாவின் பழைய பிலிம்களை நான்தான் கையில் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தம்பி சென்னையிலிருந்து போனில், "அக்கா, என் மக கல்யாணத்துல பழைய போட்டோவையெல்லாம் திரையில ஓட்டணும். வீட்டுலயே செஞ்சிரலாம், ஈசிதான்" என்றான். சொல்கிறவனுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது? கோச்சடையில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறையில், சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஃபேன் ஓடினால் பிலிம் பறக்கும், தூசி ஒட்டும்.

வேலை என்னவோ சின்னதுதான். என் மகள் படம் வரையப் பயன்படுத்திய வெளிச்சப் பலகையை எரியவிட வேண்டும். அதன்மேல் பிலிம் துண்டு, அது சுருளாமல் இருக்க ஒரு கண்ணாடி, மேலே ஸ்டாண்டில் போன். கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி எடுக்க ஒரு ஆப். ஆனால் பிலிம் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்ததுமே, கெட்டுப்போன பிலிமின் வினிகர் வாடை அடித்தது. சில துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கிழிந்துவிடுமோ என்று ஒவ்வொன்றையும் மெல்ல மெல்லப் பிரித்தேன். நான் சும்மாவே பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினோமா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீடு திரும்பியவள்.

எடுக்கிற படமெல்லாம் தானாகவே குடும்ப ஃபோல்டருக்குப் போகும்படி தம்பி செய்துவைத்திருந்தான். கூடத்தில் அம்மா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படம் வந்து விழும்போதும் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"இது தல்லாகுளம் ஆபீசுல எடுத்தது. ஓரத்துல நிக்கிறவரு ஒங்கப்பாவுக்கு மேனேஜரு. சரியான சிடுமூஞ்சி."

"ஆத்தாடி, எனக்கு எம்புட்டு முடி இருந்திருக்கு!"

இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அன்றிலிருந்து அவளுக்கு வருகிற போனைக்கூட நான்தான் முதலில் எடுத்துப் பேசுகிறேன்.

அப்பா கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்தவர். ஆட்டுக்குட்டி, கண்மாய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். நானும் தம்பியும் மட்டும் பள்ளிக்கூடம் போகிற வயதுவரை ஒன்றிலும் இல்லை. அம்மா விட்டதில்லை. "கைப்பிள்ளையப் போட்டோ எடுத்தா ஆயுசு குறைஞ்சிரும்" என்பாள். நாங்கள் சிரிப்போம். எங்களுக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, நடக்கக்கூடத் தொடங்காத வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு ஒரு படம்கூடக் கிடையாது என்று கேட்டுத்தான் வளர்ந்தோம்.

ஒட்டியிருந்த கடைசித் துண்டைப் பிரித்தேன். முதல் படத்தில் ஓர் ஓட்டு வீடு. நான் பிறப்பதற்கு முன் அவர்கள் அலங்காநல்லூரில் குடியிருந்த வீடு. அடுத்த படத்தில், முகம் படத்தில் விழாத யாரோ ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை. பிலிமில் குழந்தையின் முகம் கறுப்பு. கன்னத்தில் பெரிதாக ஒரு வெள்ளைப் பொட்டு. எடுத்தேன். போன் திரையில் எல்லாம் மாறி, கறுப்புத் திருஷ்டிப் பொட்டோடு ஒரு பையன் என்னைப் பார்த்தான். அப்பாவின் விடைத்த காது அப்படியே இருந்தது.

செத்துப்போன எங்கள் அண்ணன். அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா எடுத்திருக்கிறார்! இதைப் பார்த்துவிட்டு, 'இந்த மனுசன் படம் எடுத்துத்தான் எம்புள்ள செத்தான்' என்று அவள் நினைத்துவிட்டால்? போய்ச் சேர்ந்தவர் திரும்பி வந்து சமாதானம் சொல்லவா முடியும்? அந்த நெஞ்சு தாங்குமா? அப்போதுதான் ஃபோல்டர் ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா இன்னும் குரல் கொடுக்கவில்லை, பார்த்திருக்க மாட்டாள்.

அழித்தேன். எல்லா இடத்திலிருந்தும் போய்விடும், பரவாயில்லையா என்று போன் கேட்டது. சரி என்று அழுத்தினேன். அந்தப் பொட்டை வைத்தது யார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

"ஐயோ!" என்று அம்மா கத்தினாள்.

ஓடினேன். அவள் டேப்லெட்டை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள்.

"இங்கனதான்டி இருந்தான், எம்புள்ள. பாத்துக்கிட்டு இருக்கும்போதே போயிட்டான். நான் என்னத்தையாச்சும் அமுக்கிட்டேனா?"

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைத் தேடி எடுத்து நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"நாந்தாம்மா அழிச்சேன். அப்பா ஒனக்குத் தெரியாம எடுத்திருப்பாருன்னு பயந்துட்டேன்."

"ஒங்கப்பா வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கல. அம்புட்டு அழகா இருந்தான். எடுங்க, எடுங்கன்னு நச்சரிச்சேன். கண்ணு பட்டுறக் கூடாதுன்னு பொட்டு வச்சு, நாந்தான் மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். அடுத்த வாரமே காய்ச்சல்." மூச்சு வாங்கினாள். "கழுவி வந்த படத்த அடுப்புல போட்டேன். பிலிமையும் போட்ருங்கன்னேன். போட்டுட்டேன்னாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆயுசு குறையும் என்று அவள் சொன்னபோதெல்லாம் அவளைக் கேலி செய்து சிரித்திருக்கிறோம். அத்தனை வருடமும் அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பிலிம் இருக்கும்மா. அது எங்கயும் போகல" என்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். என் நாற்காலியில் அவளை உட்காரவைத்தேன். வெளிச்சப் பலகைமேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். குழந்தையின் இடுப்பைச் சுற்றி ஒரு கை இருந்தது. அதன் சுண்டுவிரல் நுனி வளைந்திருந்தது. தினமும் நான் பார்க்கிற கை. அந்தப் பதற்றத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

போனைச் சரிசெய்தேன். விரல் பட்டனுக்குமேல் அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எடுக்கட்டாம்மா?"

"பயப்படாம எடுடி" என்றாள். "இனிமே அவனுக்கு என்ன ஆகப்போகுது."