வயிற்றோடு அணைத்த பேஞ்சோ

பேஞ்சோவுக்கான மேப்பிள் மர வளையத்தைக் காதோரம் பிடித்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருக்கிறாள் ஆர்வெல்லா போமன். ஒட்டிய பட்டைகளுக்கு நடுவே எங்காவது காற்று புகுந்திருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தால் வளையம் நேரே அடுப்புக்குத்தான். "பொய் சொல்ற மரத்துக்கு என் பட்டறையில எடம் கெடையாது" என்பாள். காபியும் அதே அடுப்பில்தான் கொதிக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பக்கத்தில் பேஞ்சோ என்னும் தந்தி வாத்தியம் செய்கிறவர்கள் பலர். வாங்க வந்தவனின் வயிற்றை முதலில் பார்ப்பவள் இவள் ஒருத்திதான். இவள் பேஞ்சோவுக்குப் பின்மூடி கிடையாது. திறந்த முதுகு வாசிப்பவர் வயிற்றில் படியும். அணைத்தால் ஒலி மெத்தென்றாகும், விலக்கினால் கணீரென்று கிளம்பும். ஒல்லியான ஆள் வந்தால், வளையத்தின் முகப்பில் கட்டிய தோலுக்குப் பின்னால் பழைய சாக்ஸ் ஒன்றைத் திணித்துக் கொடுப்பாள். "வயிறு வளர்ற வரைக்கும் இது இருக்கட்டும், ராசா."

வால்நட் மரக் கழுத்தில் மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். கழுத்து வளையத்தோடு சேருமிடத்தில், நகம் அடிக்க வாகாக ஒரு குழிவு. அதை மட்டும் அவள் எந்திரத்தில் செதுக்குவதில்லை.

பிடிவாதம் என்றால் தோலில்தான். எல்லாரும் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டார்கள். இவள் கன்றுத்தோலை ஊறவைத்து இழுத்துக் கட்டுகிறாள். அது ஈரக்காற்றில் தொய்யும். தெரியாதவன், தோலைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளைத் திருகி இறுக்குவான்; தோல் காய்ந்ததும் சுருங்கிக் கிழியும். "மழை நாள்ல கொக்கியைத் தொடாதே. சூடு காட்டு, அது பாட்டுக்கு வரும்." திருகுசாவி அவள் கழுத்தில், ஷூ கயிற்றில் தொங்குகிறது.

போன கோடையில் பிடில்காரர்கள் போட்டி மேடையிலேயே அவள் பேஞ்சோவின் தோல் தொய்ந்தது, அவள் வாசிக்கும் குழு தோற்றது. பெரியப்பா மகன் ஹார்லன்தான் குழுவின் பிடில். "இன்னொரு தடவை தொய்ஞ்சுதுன்னா பேஞ்சோவுக்கு பியூஃபர்டைச் சேத்துக்குவேன். அவனோடது பிளாஸ்டிக் தோல்" என்று சொல்லிவிட்டான். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தப் பிடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவள் அவள். அந்த இடத்தில் இன்னொருத்தன் உட்காருவதை நினைத்தாலே அவளுக்குத் தாங்கவில்லை.

இந்த வருடப் போட்டியன்றும் விடிந்ததிலிருந்து மழை. டிரக்கின் ஹீட்டர் முன்னால் பேஞ்சோவைச் சாய்த்துவிட்டு, பன்றித்தொடைக் கறி வைத்த பிஸ்கட் ரொட்டி வாங்கப் போனாள். திரும்பி வந்து தோலை நகத்தால் சுண்டியவள், முதல் வேலையாக ஹீட்டரை அணைத்தாள். பக்கத்து இருக்கையில் ஹார்லன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் அவனுடைய குறடு.

"இறுக்குனியா?"

"தொளதொளன்னு கெடந்துது. நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நல்லதுக்குத்தான். இன்னும் கொஞ்ச நேரம் சூட்டுல இருந்தா பட்டுனு கிழிஞ்சிருக்கும். பியூஃபர்டுக்கு நீயே பாய் விரிச்சுக் குடுத்த மாதிரி ஆயிருக்கும்."

பிஸ்கட் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள். கழுத்துச் சாவியை எடுத்து, எதிரும் புதிருமாகக் கொக்கிகளைத் தளர்த்தினாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு தோலை ஒரு சுண்டு சுண்டினாள். பழைய நிலைக்கு வந்ததும் மறுபடி ஹீட்டர்.

"இப்ப நீ தட்டு" என்றாள்.

தட்டினான். தலையைச் சாய்த்து இன்னொரு முறை தட்டினான். மடியிலிருந்த குறடை எடுத்து இருக்கைக்கு அடியில் போட்டான்.

ஒலிபெருக்கி அவர்கள் குழுவை அழைத்தது. மழை விடவில்லை. பெண்டாட்டியைக்கூடத் தொட விடாத, மழை இறங்காத மெழுகுக் கோட்டு ஒன்று ஹார்லனிடம் உண்டு. அதைக் கழற்றினான். பேஞ்சோவைச் சுற்றிப் போர்த்தி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அவள் வயிற்றோடு சேர்த்துக் கொடுத்தான். பிறகு பிடில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்ட ஒட்ட மேடையை நோக்கி அவளுக்கு முன்னால் நடந்தான்.