மஸ்கட் போகிறவர்கள் கை தூக்குங்கள்

தூனிஸுக்குத் தெற்கே, கடலோரத்து மஹ்தியா ஊரில் மன்னூபியாவிடம் "எங்கே போறே?" என்று கேட்டு உண்மையான பதிலை வாங்கியவர் ஒருவரும் கிடையாது. கடைக்குப் போனால் தர்காவுக்கு என்பாள். தர்காவுக்குப் போனால் பல் வலி என்பாள். அவளைப் பொய்க்காரி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொய் வேறு, மூடி வைப்பது வேறு. அடுப்பில் இருக்கிற சட்டியை மூடித்தானே வைக்கிறோம்? அதற்காக உள்ளே ஒன்றுமே இல்லை என்றா ஆகிவிடும்?

அவள் புருஷன் ஹமாதி மத்தி பிடிக்கிற படகுக்காரன். கடலுக்குப் போகிற வீட்டில், படகு எப்போது கிளம்பும் என்று வாசலில் நின்று சொல்லக் கூடாது. ஒரு தடவை அவன் தம்பி காபிக் கடையில் உட்கார்ந்து வாய் விட்டான். "எங்க புது வலையைப் பார்த்தீங்களா, இன்னைக்கு இறக்குறோம்" என்றான். அந்தப் புது வலை பாறையில் சிக்கிக் கந்தலாகக் கரைக்கு வந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றைக்கு மூடிய வாயை மன்னூபியா பிறகு திறக்கவே இல்லை. மகன் லுத்ஃபி வயிற்றில் இருந்தபோது ஏழு மாதம் வரைக்கும் வெள்ளைப் போர்வைக்குள்ளேயே நடமாடினாள். மகள் இன்ஸாஃபுக்கு நிக்காஹ் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்ததே மருதாணி வைக்கிற அன்றுதான். ஹமாதி இறந்த பிறகு மிளகாய் இடித்து ஹரீஸா விழுது செய்து கடைகளுக்குப் போட்டு இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். அதில் எவ்வளவு பூண்டு போடுகிறாள் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

இன்ஸாஃப் கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். பல வருஷம் காத்திருந்து உண்டான தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, திங்கட்கிழமை காலையில் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் போனில் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"நீ வந்து என் கையைப் பிடிச்சாத்தான் உள்ளே போவேன்மா. இல்லேன்னா என்னைக் கட்டிலோட தூக்கினாலும் போக மாட்டேன்."

"போகாம? பிடிவாதத்தைப் பாரு. யாரு வயித்துல பொறந்தே நீ?"

"உன் வயித்துலதான்."

டிக்கெட் கிடைத்ததோ ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். தூனிஸிலிருந்து கெய்ரோ, கெய்ரோவில் விமானம் மாறி மஸ்கட். நடுவில் இருந்த நேரம் ஒரு சட்டி குஸ்குஸ் ரவை வேகிற நேரம்கூடக் கிடையாது. அந்த இரண்டாவது விமானத்தை விட்டால் அடுத்தது புதன்கிழமை.

மன்னூபியா பெட்டியைத் தெருவில் உருட்டிப் போகவில்லை. லுத்ஃபியின் மீன் வண்டியில் காலிப் பெட்டிகளுக்கு அடியில் அதை மறைத்து, முதல் நாளே ஊரை விட்டு அனுப்பிவிட்டாள். பக்கத்து வீட்டு ஸக்கியாவிடம், "தூனிஸ்ல தங்கச்சிக்கு மூட்டு வலி, பார்த்துட்டு வரேன்" என்றாள். வீட்டில் போடுகிற செருப்போடுதான் கிளம்பினாள். நல்ல செருப்பு வண்டியில் இருந்தது.

விமான நிலைய வாசலில் லுத்ஃபி கையெடுத்துக் கும்பிடாத குறை. "அம்மா, கெய்ரோல இறங்கினதும் எங்கேயும் நிக்காதே. பெட்டியைத் தேடாதே, அது தானா அடுத்த விமானத்துக்குப் போயிடும். நீ மட்டும் தானா போக மாட்டே. யாரைப் பார்த்தாலும் மஸ்கட் மஸ்கட்னு கேளு. கேட்கறதுக்கு வாயைத் திறக்கணும், தெரியுதா?"

"எனக்கு வாய் இல்லையாடா?"

"இருக்கு. பூட்டு போட்டிருக்கே."

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பருத்த பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் பஹீஜா, சூஸா ஊர்க்காரி. உட்கார்ந்த மாத்திரத்தில் மன்னூபியாவின் வளையலைப் பார்த்து, "அடேயப்பா, என்ன கனம்!" என்றாள். கண் படாமல் இருக்க மாஷா அல்லாஹ் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. மன்னூபியா சட்டைக் கையை இழுத்து வளையலை மூடிக்கொண்டு, உதடு அசையாமல் கண்ணேறுக்கு மாற்றாக உள்ளுக்குள் சொன்னாள்: அஞ்சு விரலும் உன் கண்ணுக்கு.

"எங்கே போறீங்க அக்கா?"

"இங்கதான், கெய்ரோ. நாத்தனார் மகன் வீட்டுக்கு. நீங்க?"

"நானும் கெய்ரோதான். சும்மா ஊர் பார்க்க."

அத்தோடு பேச்சு சமையலுக்குப் போனது. பஹீஜா பேரீச்சம்பழம் அடைத்த மக்ரூத் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்தாள். மன்னூபியா ஒன்று எடுத்தாள், தின்னவில்லை. முன்னாலிருந்த தட்டில் வைத்துவிட்டாள்.

வெயில் இருக்கும்போதே கெய்ரோ வந்துவிட்டது. ஆனால் விமானம் இறங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வானமும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. மிளகாய் இடிக்கும்போது எழும்புகிற தூசி மாதிரி எல்லாம் செம்மஞ்சளாக இருந்தது. பாலைக்காற்று அடிக்கிறது, கொஞ்சம் சுற்றிக்கொண்டிருப்போம் என்று விமானி சொன்னார். எத்தனை சுற்று என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் மன்னூபியாவின் கண் மணிக்கட்டுக் கடிகாரத்துக்குப் போய் வந்தது. மகள் பச்சைத் துணி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், கதவையே பார்க்கிறாள், கதவு திறக்கிறது, வருவது யாரோ. இந்த ஒரே படம்தான் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

கடைசியில் விமானம் தரையிறங்கி நின்றபோது, பணிப்பெண் நடுப்பாதையில் வேகமாக வந்தாள்.

"மஸ்கட் விமானத்துக்கு மாறுறவங்க யாரு? கை தூக்குங்க. நேரம் ரொம்பக் குறைச்சல். உங்களை முதல்ல இறக்குறோம். கீழே ஒருத்தர் நின்னு நேரா அந்த விமானத்துக்கே கூட்டிட்டுப் போவாரு."

முன்வரிசையில் மூன்று ஆண்கள் கை தூக்கினார்கள்.

மன்னூபியாவின் வலது கை மடியிலிருந்து கிளம்பியது. கிளம்பிய கை பஹீஜாவின் பார்வையைக் கண்டது. கெய்ரோ என்றல்லவா சொல்லியிருக்கிறோம்? இப்போது தூக்கினால், எதுக்கு மஸ்கட், யார் இருக்கா, மகளா, என்ன விசேஷம் என்று நூல் பிடித்துப் போய் அந்தக் கண் நேராக இன்ஸாஃபின் வயிற்றில் விழுமே! வளையலைப் பார்த்த கண் அது. கை பாதி வழியில் திசை மாறிப் போய் முக்காட்டைச் சரி செய்தது.

அதே நேரத்தில் பஹீஜாவின் தஸ்பீஹ் மணிமாலை கீழே விழுந்துவிட்டது. அவள் குனிந்தவள் குனிந்தவள்தான், நிமிரவே காணோம்.

பணிப்பெண் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "அஞ்சு பேர் இருக்கணுமே. இன்னும் ரெண்டு பேர் எங்கே?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அந்த மூவரையும் அழைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

அந்த முதுகுகள் மறைந்ததுமே மன்னூபியா தன்னையே திட்டிக்கொண்டாள். அடிப் பாவி, என்ன காரியம் செய்தாய்! எழுந்தாள். ஆனால் பாதை முழுக்க ஆட்கள் நின்றார்கள், தலைக்கு மேலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. இப்போது யாரிடம் சொல்ல? சொன்னால் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்குமே. பஹீஜா எப்படியோ முன்னால் நழுவிப் போய்விட்டாள் என்று தெரிந்தபோது கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. புத்தியைப் பாருங்கள்.

வெளியே வந்ததும் கூட்டம் போன பக்கம் இவளும் போனாள். ஆடு போகிற வழியில் ஆடு. ஒரு நீண்ட வரிசையின் வாலில் நின்றாள். வரிசை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. "இது எங்கே போற வரிசை?" என்று முன்னால் நிற்பவனைக் கேட்டால் போதும். இரண்டு தடவை வாயைத் திறந்து இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். கால் தானாக வரிசையை விட்டு விலகி, கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் போனது. போர்டிங் பாஸை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

"ஹாஜியம்மா, இது ஊருக்குள்ள போற வரிசை. நீங்க டிரான்சிட். மாடிக்குப் போகணும். இங்க நின்னீங்கன்னா உங்களை எகிப்துக்கே மருமகளா ஆக்கிடுவோம். ஓடுங்க!"

ஓடினாள். மூட்டு வலி என்று தங்கச்சி மேல் பழி போட்டுக் கிளம்பினாளே, அது இப்போது இவள் முழங்காலுக்கே வந்து சேர்ந்தது. நகரும் படிக்கட்டில் ஏறப் பயந்து, பக்கத்திலிருந்த சாதாரணப் படிகளில் கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினாள். மேலே மறுபடியும் ஒரு சோதனை. பையை இயந்திரத்துக்குள் விட்டு, வாசல் மாதிரி நின்ற சட்டத்துக்குள் நுழைந்தாள்.

கீ கீ என்று கத்தியது.

வளையலைக் கழற்றினாள். மறுபடியும் கத்தியது. காவல் நின்ற பெண் கையால் தடவி, "நெஞ்சுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க ஹாஜியம்மா?" என்றாள்.

"நான் இன்னும் ஹஜ்ஜே செய்யலை. ஒண்ணும் வைக்கலை."

"ஒண்ணும் வைக்காததுக்கா இது இப்படிக் கத்துது? எடுங்க."

அத்தனை பேர் முன்னால், மன்னூபியா உள்சட்டையில் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்த வெள்ளிக் கையை எடுத்துத் தட்டில் வைத்தாள். பிறகு வெள்ளி மீனை வைத்தாள். இரண்டும் பிறக்கப்போகிற குழந்தைக்கு, கண் படாமல் இருக்க. காவல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து முடிப்பதற்குள் பக்கத்துச் சட்டமும் கீ கீ என்று கத்தியது. அங்கே ஒருத்தி கழுத்துக்குள் கையை விட்டு வெள்ளிக் கை, வெள்ளி மீன், போதாக்குறைக்கு ஒரு நீலக்கல் என்று வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பஹீஜா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்வை இரண்டு தட்டுகளுக்கும் போய்த் திரும்பியது.

"ஊர் பார்க்க வந்தீங்களே, பார்த்தாச்சா?" என்றாள் மன்னூபியா.

"பார்த்தாச்சு. உங்க நாத்தனார் மகன் சௌக்கியமா?"

காவல்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் எங்கே போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

பஹீஜா மேற்கூரையைப் பார்த்தாள். மன்னூபியா கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். எதிரே சுவர்க் கடிகாரம். அதற்குக் கீழே திரையில் மஸ்கட் என்ற பெயருக்கு நேரே சிவப்பு எழுத்து விட்டு விட்டு மின்னியது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. சிவப்பு தெரியும். கதவு திறக்கிறது, வருவது யாரோ.

"மஸ்கட்!" என்று கத்திவிட்டாள். ஹரீஸா விற்ற தொண்டை அது, மண்டபமே திரும்பிப் பார்த்தது. "மஸ்கட் போகணும்மா! எம் மகளுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன், தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கு, நான் போய்க் கையைப் பிடிக்கலேன்னா அவ உள்ளே போக மாட்டா. அவ சொன்னா சொன்னதுதான். யாராவது அந்த விமானத்தை நிறுத்துங்க!"

சொல்லி முடித்ததும் சுற்றிப் பார்த்தாள். இத்தனை கண்கள், இத்தனை காதுகள். ஆனால் சொன்னது சொன்னதுதானே?

காவல்காரி சிரிப்பை விட்டுவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தாள். "மஸ்கட் கேட்டுக்குச் சொல்லு, காணாமப் போன ஒரு அம்மா இங்க இருக்காங்க. இன்னொருத்தரையும் காணோமா? இருங்க." பஹீஜாவைப் பார்த்தாள். "நீங்க?"

"நானும்தான்," என்றாள் பஹீஜா, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. பிறகு மன்னூபியா பக்கம் திரும்பி, "எதுக்குன்னு மட்டும் கேட்காதீங்க."

"கேட்கலை. ஓடுங்க."

வயசானவர்களை ஏற்றுகிற மின்சார வண்டி ஒன்று வந்தது. ஓட்டினவன் வாயாலேயே ஹாரன் அடித்து, "வழி விடுங்க, பேரன் பொறக்கப் போறான்!" என்று கூவிக்கொண்டே போனான். மன்னூபியா அவன் முதுகில் குத்தினாள். "பொறக்கலை, இன்னும் பொறக்கலை, மாஷா அல்லாஹ்னு சொல்லுடா!" அவன் அதையும் சேர்த்துக் கூவினான். பஹீஜா ஒரு கையால் வண்டிக் கம்பியையும் மறு கையால் மன்னூபியாவின் முக்காட்டையும் பிடித்திருந்தாள். முக்காடு போனால் போகட்டும் என்று மன்னூபியா விட்டுவிட்டாள்.

கேட்டில் நின்றவன் கதவில் கை வைத்தபடி காத்திருந்தான். "உங்க பெட்டிங்க ஏறினதா தெரியலை. பின்னாடி வரும்," என்றான்.

"மீன் நாத்தம் அடிக்கிற பெட்டி. எவன் எடுக்கப் போறான்? நாங்க ஏறினா போதும்."

இருக்கையில் விழுந்ததும் போன் அடித்தது. இன்ஸாஃப்.

"அம்மா, எங்கே இருக்கே?"

"இங்கதான்" என்று நாக்கு வழக்கம்போல ஆரம்பித்தது. மன்னூபியா அதை இழுத்துப் பிடித்து நிறுத்தினாள். "மஸ்கட் விமானத்துல உட்கார்ந்துட்டேன். கதவைச் சாத்துறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ். ஆபரேஷனைப் பத்தி யார்கிட்டேயும் சொல்லலையே?"

"சொல்லிட்டேன்."

"யார்கிட்டம்மா?"

"கெய்ரோகிட்ட."

பின்வரிசையிலிருந்து பஹீஜா எழுந்து வந்து, மறந்துபோன மக்ரூத்தை அவள் கையில் வைத்தாள். "சாப்பிடுங்க அக்கா. மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ். வளையலுக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன்." மன்னூபியா இந்தத் தடவை தின்றாள்.

பெண் குழந்தை. மகள் கையைப் பிடித்துத்தான் உள்ளே அனுப்பினாள். வெள்ளிக் கையும் மீனும் தொட்டிலில் தொங்கின. பெட்டி புதன்கிழமை வந்தது. உள்ளே எள்ளும் தேனும் சேர்த்துக் கிளறிய பிரசவ இனிப்பு கொட்டாமல் இருந்தது, மீன் வாடையும் அப்படியே இருந்தது.

பிரசவத்து நாற்பது நாள் கழித்துத் திரும்பும்போது, விமானம் மாறுகிறவர்கள் யார் என்று பணிப்பெண் கேட்டு முடிப்பதற்குள் மன்னூபியாவின் கை முழுசாக மேலே போய்விட்டது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

ஆனால் மஹ்தியா தெருவில் இறங்கியபோது ஸக்கியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மன்னூபியா, இத்தனை நாளா? தங்கச்சிக்கு மூட்டு எப்படி இருக்கு?"

"நடக்குறா," என்று சொல்லிவிட்டு மன்னூபியா கதவைச் சாத்தினாள்.