கோணல் கதவும் நேரான கிளைடரும்

எண்பதுகளில் ஒரு கோடை. உத்திரமேரூரில் நானும் என் மச்சானும் ரிமோட்டில் திருப்புகிற, இன்ஜின் இல்லாத கிளைடர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பழைய கதவு ஒன்றைப் படுக்கவைத்து, அதன் ஓரத்தையே நேர்கோடாக வைத்து கிளைடரின் உடலை ஒட்டிக் காயவைத்தோம். மூக்கிலிருந்து வால்வரை நூல் பிடித்தேன். வால் ஒரு விரல் அளவு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. பிய்த்து மறுபடி ஒட்டினோம். மறுபடியும் அதே ஒரு விரல்!

“ஒழுங்கா புடிச்சிக்கினியா இல்லியாடா?” என்று கத்தினேன்.

அவன் கதவின் ஓரத்தில் நூலை இழுத்துப் பிடித்தான். “மாமா, கதவுதான் வளைஞ்சி கீது.”

வந்த ஆத்திரத்தில் கதவைத் தூக்கி மாட்டுக்கொட்டகையில் போட்டேன். சிமென்ட் தரையில் கோடு போட்டு மூன்றாம் முறை ஒட்டினோம். இந்தத் தடவை நூல் இம்மியும் பிசகவில்லை.

மறுநாள் காலை, கரைமேல் நின்று வற்றிக் கிடந்த ஏரிக்குள் மச்சான் அதை வீசினான். எந்தப் பக்கமும் சாயாமல் கோடு கிழித்த மாதிரி போனது. “எப்படி நேரா ஓட்டுறேன் பார்றா!” என்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டு குதித்தேன்.

மச்சான் என் காலடியைக் காட்டினான். ரிமோட் மண்ணில் கிடந்தது.