ஹெலன் அக்காவிடமிருந்து பிடுங்கிய வகுப்பு

பெருங்களத்தூரில் பண்டிகைக் கூட்டத்தில் பஸ் நகராமல் நின்றபோது சபை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ‘நம் அன்புச் சகோதரி ஹெலன் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழத் தொடங்கின. மாரடைப்பு. ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. செய்தியை அனுப்பியவர் எங்கள் பொழிச்சலூர் சபையின் செயலாளர் சாமுவேல் அண்ணன். ஒன்றரை வருடத்துக்கு முன் அக்காவிடமிருந்து ஞாயிறு பள்ளி வகுப்பைப் பிடுங்கியவரும் அவரேதான். அழுகைக்கு முன் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. அதனால் இது சாந்தமான அஞ்சலியாக இருக்காது. அக்காவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொண்டாலும் சரி, பொறுத்துக்கொள்ளாவிட்டாலும் சரி.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பெரிய விசுவாசி என்று சொல்லமாட்டேன். அக்காவின் வகுப்பில் உதவிக்கு உட்கார்ந்தவன், அவ்வளவுதான். கஷ்டமான முடிவு எடுக்கும்போது எப்படி ஜெபிப்பது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாடம். ஜெஃப்ரி என்ற பையனுக்கு ஃபுட்பால் பயிற்சியும் ட்யூஷனும் ஒரே நேரம். எழுந்து கண்ணை மூடி, “பரலோகத்தில் வாசம்பண்ணும் எங்கள் நல்ல பிதாவே” என்று இழுத்தான்.

“டேய், கண்ணைத் திற” என்று அக்கா குறுக்கிட்டார். “ பாஸ்டர் மாதிரி இழுக்காத. உனக்கு என்ன வேணும்?”

“கர்த்தருடைய சித்தம்க்கா.”

“டூப்பு விடாத. ஃபுட்பாலா, ட்யூஷனா?”

“ஃபுட்பால்.”

“அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். அவருக்குத் தெரியாதுன்னு இல்ல. நீ மறைச்சேன்னா, அப்புறம் உன் ஆசையே அவர் குரல்ல உன்கிட்ட பேசும்.”

அப்புறம் கோச்சிடமும் ட்யூஷன் சாரிடமும் போய் விசாரிக்கச் சொன்னார். “எல்லாத்தையும் அவரே இறங்கி வந்து சொல்லணுமா?” பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெபம் பற்றி அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட பேச்சுகளில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீடு வாங்குவதா, வரனை முடிப்பதா என்று குழம்பினால் இரண்டு சீட்டு எழுதி பைபிளுக்குள் வைத்து, ஜெபித்து, ஒன்றை எடுப்பார்கள். வந்ததுதான் பதில். சாமுவேல் அண்ணனின் மகள் பிரின்ஸி பத்தாவது முடித்திருந்தாள். காமர்ஸ் வேண்டும் என்று எங்கள் வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லி ஜெபித்தவள். அப்பாவுக்கு பயோ-மேத்ஸ்; டாக்டர் கனவு. சீட்டுப் போட்டார். காமர்ஸ் வந்தது. ஒருமனதாக ஜெபிக்கவில்லை என்று மறுபடி போட்டார். மறுபடியும் காமர்ஸ். உபவாசம் இருந்து மூன்றாம் முறை எடுத்தார். பயோ-மேத்ஸ். இதை அவர் ஒளிக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, சோர்ந்துபோகாமல் ஜெபித்ததற்குச் சாட்சியாகவே சொன்னார். “கர்த்தர் பேசிட்டார்!” சபை அல்லேலூயா என்றது. விரும்பிய விடை வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவதை எங்கள் தொழிலில் சோதனை என்று சொல்வதில்லை, மோசடி என்போம்.

ஆராதனை முடிந்து வெளியே டீ குடிக்கும்போது அக்கா கேட்டார்: “அண்ணே, நீங்க கேட்டது கர்த்தர்கிட்டயா, கஸ்டமர் கேர்லயா? புடிச்ச பதில் வர்ற வரைக்கும் கட் பண்ணிக் கட் பண்ணிக் கூப்பிட்டிருக்கீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். சாமுவேல் அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே கமிட்டி முடிவு: “சிஸ்டர் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்.” டீயோடு சிரித்தவர்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் கத்தினேன். “தம்பி, நீ கமிட்டியில இல்ல” என்றார்கள்.

அதற்கப்புறம் அக்கா வகுப்பு நேரத்தில் வெளியே தகரக் கொட்டகையில் நின்று பிள்ளைகளுக்கு ஜூஸ் கலக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வேற சபைக்குப் போயிடுங்கக்கா. பம்மல்ல இல்லாத சபையா?”

“எனக்கு இந்தப் பசங்கதான்டா வேணும். அதைச் சொல்லித்தான் தினமும் ஜெபிக்கிறேன்.”

“பதில்?”

“இன்னும் வரல. வந்தா உனக்குத்தான் முதல் போன்.”

போன் வரவில்லை. குழுவில் செய்திதான் வந்தது. ‘அவருடைய வேளை, அவருடைய சித்தம்’ என்று எனக்கு விளக்க யாரும் தயவுசெய்து வராதீர்கள். வகுப்பைப் பறித்தது கமிட்டியின் சித்தம்.

கல்லறைத் தோட்டத்தில் குழியருகே நின்று சாமுவேல் அண்ணனே பேசினார். “நம்ம பிள்ளைங்களுக்கு தேவசித்தத்தை எப்படித் தேடணும்னு கத்துக்கொடுத்தவங்க ஹெலன் சிஸ்டர்...” எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் பிரின்ஸி. இப்போது பிளஸ் டூ. வீட்டில் நீட் பேச்சு ஆரம்பித்துவிட்டதாம்.

“அண்ணா, அக்கா சொன்ன மாதிரி ஜெபிச்சுப் பார்த்தேன். எனக்கு என்ன வேணும்னு சொல்ற இடத்துல எங்கப்பா குரல்தான் வருது.”

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. “நீட்டை விடு. இப்போ, இங்க, உனக்கு என்ன வேணும்?”

“எங்கப்பா பேசறதை நிறுத்தணும்.”

“அதையே சொல்லு.”

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். மெதுவாக அல்ல. முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். அவள் அப்பா ஒரு கணம் தடுமாறி, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார். நிறுத்தவில்லை. ஆனால் சொன்னது அவள் குரல்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ‘உனக்கு என்ன வேணும்?’ என்ற அந்தக் கேள்வியைத்தான். சமாதானம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளிடம் அதைக் கேட்க, அக்காவின் அந்த வகுப்பு எனக்கு வேண்டும். கமிட்டியில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். கடவுளிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.