சுவரை ஒட்டாத கட்டில்

மகள் பயிற்சிக்குச் சேர்ந்த ராணுவ முகாமில், அரசு புதிதாகக் கட்டித் தந்த விடுதிக்குள் நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

எழுபதுகளில் அப்பா பட்டாளத்திலிருந்து லீவில் ஆரணிக்கு வந்தால், முதல் வேலையாகக் கயிற்றுக் கட்டிலைச் சுவரைவிட்டு நடுவீட்டுக்கு இழுத்துப் போடுவார். நடக்க வழியில்லை என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

"பழக்கமாயிடுச்சு. அங்க மழையில செவுரு ஊறிகினு நிக்குது, ஒட்டிப் படுக்கவே பயம். நாங்க தங்க புது பாரக் சாங்ஷன் ஆயிடுச்சு, அடுத்த வருஷம் கட்டிடுவாங்க," என்பார். எல்லா லீவிலும் அதே அடுத்த வருஷம்தான்.

ஒரு மழைக்காலத்தில், பாரக் சுவர் இடிந்து அப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. பின்னால் வந்த அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதும் இதே வாடைதான்.

"எதுக்குப்பா கட்டில இழுக்கறீங்க? இங்க ஹாஸ்டல்ல வரிசை கலைஞ்சா திட்டுவாங்க."

மகள் என் கையை விலக்கிவிட்டு, கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள்.