ஆறடி பத்தங்குலமும் ஆறு தசம் ஒன்றும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு தண்ணீர்த் தொட்டிகள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்ல இரண்டு பிள்ளை மடுவங்கள். பஸ் திரும்பும் முடக்கில் ஒரு கருங்கல் சுவர். ஒரு மழையில் ரோடே சரிந்து போனது, என் சுவர் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. கோவில் மதில். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள் மூன்றுக்குக் கூரை. எனக்கென்று மாடியோடு ஒரு வீடு. இத்தனையும் செய்தவன் மூன்றாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். அந்தப் பாதியிலும் மழை நாட்களைக் கழித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் மழை பெய்யாத நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

இவற்றில் ஒன்றிலும் என் பெயர் இல்லை. தொட்டிகளில் திறந்து வைத்தவர்களின் பெயர் இருக்கிறது. குழாயைத் திருகினார்கள், கை தட்டினோம், போனார்கள். மறுநாள் தண்ணீர் வந்ததா என்று கேட்க ஒருவரும் திரும்பி வரவில்லை.

இப்போது தோட்டத்துப் பொது மண்டபத்துக்குக் கல் வெட்டப் போகிறார்கள். கல்லில் எழுதவேண்டியதை மண்டபக் கமிட்டிச் செயலாளர் போன கூட்டத்தில் வாசித்தார். அதைக் கேட்டபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கல்லில் வெட்டியபின் அழிக்க முடியாது என்பது கல் வேலை செய்த எனக்குத் தெரியும்.

அந்த மண்டபத்தின் வாசல் கதையைச் சொல்ல வேண்டுமானால் என் கணக்கு ஞானத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் வேலை பழகிய காலத்தில் எல்லாம் அடியும் அங்குலமும்தான். அங்குலத்துக்குள் அரை, கால், அரைக்கால். டேப்பில் கோடுகளை எண்ணினால் போதும். பிறகு தலவாக்கலைப் பக்கம் ஒரு கட்டட வேலைக்குப் போனேன். அங்கே இருந்த இஞ்சினியர் எந்த அளவையும் தசம் போட்டுத்தான் எழுதுவார். "பாஸ், பூச்சியம் தசம் மூணு ஏழு அஞ்சு" என்றார் ஒரு நாள். மேசன் வேலைக்காரனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அன்று மாலையே தலவாக்கலைக் கடையொன்றில் ஒரு சின்னக் கல்குலேட்டர் வாங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே வந்தேன். மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் பிரித்தால் தசம் வந்துவிடுகிறது! ஒன்றை எட்டால் பிரித்தேன்: அரைக்கால், ஒன்று இரண்டு ஐந்து. அதை மூன்று தடவை கூட்டினேன்: இஞ்சினியர் சொன்ன மூன்று ஏழு ஐந்து. பெரிய இரகசியம் என்று நினைத்தது வெறும் மூன்று அரைக்கால். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இரண்டு மைல் நடந்து வந்தேன், சந்தோஷமாக.

அரை, கால், அரைக்கால் எல்லாம் ஒழுங்காக ஐந்தில் வந்து நின்றுவிடும். மூன்றில் ஒன்றுதான் நிற்காது. மூன்று, மூன்று, மூன்று என்று கல்குலேட்டர் நிறைய ஓடும், எங்கள் மண்டபக் கமிட்டிக் கூட்டம் மாதிரி.

கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நல்ல மனிதர். நாற்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் என்பதால் தன்னை யாரும் திருத்த முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. மண்டப வாசலுக்குப் பலா மரத்தில் நிலை செய்ய டவுன் பட்டறைக்கு அளவு அனுப்ப வேண்டியிருந்தது. நான் வாசலை அளந்து வாயால் சொன்னேன்: உயரம் ஆறடி பத்தங்குலம், அகலம் நாலடி. அவர் தன் கம்ப்யூட்டரில் அடித்தார். ஆறு, ஒரு புள்ளி, பத்து. அடிக்குப் பின்னால் புள்ளி, புள்ளிக்குப் பின்னால் அங்குலம்; அது அவருடைய முறை. கம்ப்யூட்டர் கடைசிப் பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று அதை விழுங்கிவிட்டு, ஆறு தசம் ஒன்று என்று வைத்துக்கொண்டது. அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன் என்று செயலாளர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். போட்டேன். அன்று என் கண்ணாடி வீட்டில் இருந்தது. கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அது இங்கே முக்கியமில்லை.

நிலை வைப்பதற்குப் பூசாரி குறித்த நாள் ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். நேரம் காலை ஏழு இருபதிலிருந்து எட்டு ஐந்து வரை. அதைத் தவறவிட்டால் ஆடி வந்துவிடும். ஆடியில் எங்கள் ஆட்கள் நிலை வைக்கமாட்டார்கள். நிலை வைக்காமல் கூரை போடவும் மாட்டார்கள். கூரை இல்லாமல் ஆடி மழை முழுவதையும் சுவர் வாங்க வேண்டும். முதல் நாள் லொறியில் வந்த நிலையைச் சாக்கால் மூடி, மஞ்சள் பூசிய கயிறு கட்டி வைத்திருந்தோம். நல்ல நேரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது என்பது பூசாரியின் உத்தரவு. அளந்து பார்க்கிறேன் என்றேன். "சாமி காரியத்துல டேப்பு போடாதீங்க" என்று கையைத் தட்டிவிட்டார்.

ஏழு இருபதுக்குச் சாக்கைப் பிரித்தோம். எட்டுப் பேர் தூக்கி வாசலில் நிறுத்தினார்கள். அகலம் ஊசி நுழையாமல் பொருந்தியது; நாலடியில் அங்குலமே இல்லாததால் அது தப்பித்தது. உயரத்தில், நிலைக்கும் மேலே போட்டிருந்த கொங்கிரீட்டுக்கும் நடுவே ஒரு கோழி உட்கார்ந்து அடைகாக்கலாம்.

எல்லாரும் அண்ணாந்து அந்த இடைவெளியைப் பார்த்தோம். மேளக்காரர் மட்டும் எதுவும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"குளிருக்கு மரம் சுருங்கியிருக்குமோ?" என்றார் செயலாளர்.

"பலா மரமா சேர், கம்பளிச் சட்டையா?" என்றேன்.

அவர் பட்டறைக்குப் போன் போட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார். பட்டறைக்காரரை எல்லாருக்கும் முன்னால் ஏசலாம் என்ற எண்ணம். அந்த மனிதர் அமைதியாகச் சொன்னார்: "சேர் அனுப்பின தாள் கையிலதான் இருக்கு. ஆறு தசம் ஒண்ணு. நாங்க மெசின்ல அதத்தான் போட்டோம்."

செயலாளர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அது பைக்குள்ளிருந்தும் "ஹலோ, ஹலோ" என்றது.

"இன்னும் அரை மணித்தியாலந்தான் இருக்கு" என்றார் பூசாரி. "மேல நாலு பலகைய அடிச்சு மூடிருங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"மூடலாம். அப்புறம் தலைப்பாகையோட வர்ற மாப்பிள்ளை முட்டிக்கிட்டு நிப்பான். அவன் தலைக்கு நீங்க மந்திரம் சொல்வீங்களா?" என்றேன்.

தரையில் மண்டியிட்டு, ஒரு சீமெந்துப் பையின் துண்டில் கணக்குப் போட்டேன். ஒரு அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். தசம் ஒன்று என்றால் பத்தில் ஒன்று. ஒரு அங்குலமும் தசம் இரண்டும். அப்படியானால் வந்திருக்கும் நிலை ஆறடி ஒன்று தசம் இரண்டு அங்குலம். குறைவது எட்டு தசம் எட்டு. எங்கள் சீமெந்துக்கல்லின் உயரம் எட்டு அங்குலம். மீதி தசம் எட்டு. கல்லுக்குக் கீழே ஒரு பூச்சுச் சாந்து, மேலே ஒரு பூச்சு, ஒவ்வொன்றும் மூன்று அரைக்கால் அங்குலம். தசத்தில் மூன்று ஏழு ஐந்து; இரண்டு சேர்ந்தால் தசம் ஏழு ஐந்து. இன்னும் மிச்சம் தசம் பூச்சியம் ஐந்து. அந்தக் காகிதத் தடிமனை ஒரு மர ஆப்பு பார்த்துக்கொள்ளும்.

"நிலைய இறக்குங்க. மேல வேணாம், அடியில ஒரு வரிசை கல்லு வைக்கிறேன். படி ஒசரட்டும்" என்றேன்.

செயலாளர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பின்னத்த தசமத்துக்கு மாத்தியிருக்கீங்க. இது ஆறாம் வகுப்புப் பாடந்தான், பாஸ்."

"அப்ப ஆறாம் வகுப்புல நீங்க என்ன சேர் செஞ்சீங்க?"

மேளக்காரரே சிரித்துவிட்டார்.

கலவையைக் குழைத்தது நான். கல்லை வைத்தது நான். மட்டம் பார்த்தது நான். எட்டு மணிக்கு நிலை கொங்கிரீட்டைப் போய்த் தொட்டது. ஆப்பை அடித்தேன், "டக்" என்று ஒரே சத்தம். பூசாரி தேங்காய் உடைத்தபோது இன்னும் நாலு நிமிஷம் மீதி இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் ஊரில் எனக்கு நல்ல பெயரில்லை. கல்லும் நிலையின் கீழ்க்கட்டையும் சேர்ந்து வாசலில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே படி நின்றால் யாருக்குப் பிடிக்கும்? "பாஸ் வாசல் கட்டச் சொன்னா வேலி கட்டி வச்சிருக்காரு" என்று பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். அப்போதெல்லாம் செயலாளர், "அது முழுக்க முழுக்க பாஸோட யோசனை" என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

அதற்குள் கூரையும் ஏறியிருந்தது. ஆடி மழை வந்தது. ஒரு மதியம் மேலே இருக்கும் தேயிலை மலையிலிருந்து சேறும் தண்ணீருமாக இறங்கி மண்டப முன்றலை நிறைத்தது. கீழ் லயத்து வாசல்களுக்குள் புகுந்தது. மண்டபத்துக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. தண்ணீர் என் சீமெந்துக்கல்லின் பாதி வரை ஏறிப் பார்த்துவிட்டு, சரி என்று மழைநீர் ஓடும் காணுக்குத் திரும்பிப் போனது. அன்று இரண்டு லயத்து ஆட்கள் மண்டபத்துக்குள்தான் பாய் விரித்தார்கள்.

இப்போது கல்லில் வெட்டப் போகும் வாசகத்தைக் கேளுங்கள். "பெருமழையின் ஆபத்தை முன்கூட்டியே சிந்தித்து வாசற்படியை உயர்த்தி அமைத்த செயலாளர் அவர்கள்." வாசித்துவிட்டு அவரே முதலில் கை தட்டினார். என் பெயர் எங்கே என்று எழுந்து கேட்டேன். "கட்டடப் பணியாளர்கள் என்று பொதுவாக ஒரு வரி இருக்கு, பாஸ். அதுல நீங்களும் அடக்கம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "கல்லுல பேரு வரணும்னா முதல்ல செத்துப்போவணுங்க. இப்ப என்ன அவசரம்?" என்றாள் என் வீட்டுக்காரி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

அவசரம்தான். கமிட்டிக்குச் சொல்கிறேன். செயலாளர் எதையும் முன்கூட்டியே சிந்திக்கவில்லை. நானும் மழையைச் சிந்திக்கவில்லை, மாப்பிள்ளையின் தலையைத்தான் சிந்தித்தேன். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்குள் கணக்குப் போட்டவன் நான், கல் வைத்தவன் நான். அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அளவு அனுப்பியவர் என்று உண்மையைப் போட்டு அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, வாசற்படிக் கணக்கும் வேலையும் என்று எழுதி, என் பெயரை முதலெழுத்தோடு வெட்டவேண்டும். கல்லின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு இடம் எனக்குப் போதும். கல் வெட்டுகிறவருக்கும் இப்போது கம்ப்யூட்டர் உண்டாம். ஆகவே தசத்திலும் எழுதித் தருகிறேன்: பூச்சியம் தசம் ஒன்று இரண்டு ஐந்து. அந்தக் கடைசி ஐந்தை யாரும் விழுங்கிவிட வேண்டாம். வெட்டி முடிந்ததும் நான் டேப்போடு வருவேன், கண்ணாடியும் போட்டுக்கொண்டு.