நான் ‘விடு’ சொல்லவில்லை

இது நடந்தது. பார்த்ததில் எனக்கே சந்தேகம் உண்டு. நேரங்களில் சந்தேகம் இல்லை. மாலை வகுப்பில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கக் கற்கிறேன். செய்யும் வேலையை நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என்னை நம்பாதவர்கள் நோட்டை நம்பலாம்.

தில்லி ஜனக்புரியில் இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து ஆறு மாதம் ஆகிறது. எங்களுக்குக் கீழே, முதல் மாடியில், கோமளா மாமி தனியாக இருக்கிறார். கணவர் ஸ்ரீவத்ஸன் இறந்து பதினோரு வருடம். அவருடைய 1973ஆம் வருட மோட்டார் சைக்கிள் தரைத்தளத்து ஸ்கூட்டர் கராஜில் நின்றது. தில்லியில் இத்தனை பழைய வண்டியை வைத்துக்கொள்ள, விண்டேஜ் பதிவு வேண்டும். அதற்கான சோதனை ஜனவரி 9, காலை பத்து மணி.

"ஓடலேன்னா ஸ்க்ராப்புக்குப் போயிடும், சேஷு. அவரோடதுன்னு எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்" என்றார் மாமி.

இரண்டு வாரத்தில் இன்ஜினை ஓட வைத்துவிட்டேன். பாக்கி கிளட்ச். கிளட்ச் செய்முறைத் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றவன். அதை மாமியிடம் சொல்லவில்லை.

அது இரண்டு பேர் வேலை. ஒருவர் வண்டி மேல் உட்கார்ந்து கிளட்ச் லீவரை இழுக்க வேண்டும். மற்றவர் கீழே உட்கார்ந்து, கேபிளின் மறுமுனையில் இன்ஜினோடு இருக்கும் சின்ன இரும்புக் கை எப்படி அசைகிறது என்று பார்த்து நட்டைத் திருப்ப வேண்டும். கீழே இருப்பவர்தான் ‘இழு’ என்பார், ‘விடு’ என்பார். அவர் சொல்லும்வரை மேலே இருப்பவர் விடக் கூடாது. விட்டால் கீழே விரல் நசுங்கும். முதல் நாள் பாடமே இதுதான். வகுப்பில் எனக்கு லீவர் பிடிப்பவன் அர்விந்த்.

ஜனவரி 8, வியாழன். பனிமூட்டத்தால் வகுப்பு ரத்து. மாலை 6:05க்கு அர்விந்தைப் போனில் கூப்பிட்டேன்.

"அரே, துவாரகாலேர்ந்து இந்தப் பனில வரணுமா? பாகலா நீ, பைத்தியமா? காலைல வரேன். இப்போ நீயே இழு, நீயே விடு."

6:20. கராஜுக்குள் போனேன். வண்டி போக ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கலாம், அவ்வளவுதான். குளிருக்காகக் கதவைச் சாத்தினேன். கைப்பேசி வெளிச்சத்தை இன்ஜின் பக்கம் திருப்பி வைத்தேன். மேலே ஹேண்டில் இருட்டில் இருந்தது.

6:41. ஒரு கையை மேலே நீட்டி லீவரை இழுத்துப் பார்த்தேன். கேபிளில் தொய்வு ஐந்து மில்லிமீட்டர். வேண்டியது இரண்டு.

நட்டுக்கு ஒரு ஸ்பானர். அதைப் பூட்டும் நட்டுக்கு இன்னொன்று. இரண்டு கையும் கீழே வந்துவிட்டன. நட்டை அரைச் சுற்று திருப்பினேன்.

கிறீச்...

சீட்டின் ஸ்பிரிங். நான்தான் தோளால் இடித்திருப்பேன் என்று நினைத்தேன்.

"இழு" என்றேன்.

இரும்புக் கை அசைந்தது.

"விடு."

திரும்பி வந்தது. தொய்வு நான்கு. நோட்டில் எழுதினேன்.

நட்டில் இன்னொரு அரைச் சுற்று. "இழு." அசைந்தது. "விடு." மூன்று. எழுதினேன்.

பழக்கம்... தினமும் இப்படித்தான். கண் அளவுகோலை விட்டு நகராது. மேலே இருப்பவனை நான் பார்ப்பதே இல்லை.

"இழு." "விடு." சரியாக இரண்டு.

கடைசியாக ஒருமுறை உறுதி செய்ய வேண்டும். மணி 6:52.

"இழு."

அழகாக அசைந்து நின்றது.

"பர்ஃபெக்ட், அர்விந்த்" என்றேன்.

அர்விந்த் துவாரகாவில் இருக்கிறான்.

என் இரண்டு கைகளும் ஸ்பானர்களில் இருந்தன.

இரும்புக் கை திரும்பவில்லை. இழுபட்டபடியே நின்றது.

காத்திருந்தது...

நான் மேலே பார்க்கவில்லை.

கிறீச்.

ஓடினேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ‘கேபிள் சிக்கியிருக்கலாம்’ என்று நோட்டில் எழுதினேன். சிக்கிய கேபிள் என் சொல் கேட்டு எப்படி அசைந்தது என்று எழுதவில்லை.

காலை 7:20. அர்விந்தோடு கராஜைத் திறந்தேன். லீவர் ஹேண்டிலோடு ஒட்டி இருந்தது. கயிறு இல்லை, கம்பி இல்லை. அர்விந்த் கேபிளை முழுக்கத் தடவிப் பார்த்தான். எங்கும் சிக்கவில்லை. இரண்டு கையாலும் லீவரை வெளியே இழுத்தான். அசையவில்லை.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?" என்றான். எனக்கும் அதே சந்தேகம்தான்.

மாமி இரண்டு டம்ளரில் காப்பியோடு இறங்கி வந்தார். "ஜல்தி குடிச்சுட்டுக் கிளம்புங்கோ, நேரமா..."

லீவரைப் பார்த்தார்.

"நேத்து நீ என்ன சொன்னே, சேஷு?"

"இழுன்னு சொன்னேன், மாமி."

"அப்புறம்?"

"விடுன்னு சொல்லலை. ஓடிட்டேன்." மாமி டம்ளர்களை அர்விந்திடம் கொடுத்தார். ஈரத் தரையில், இன்ஜின் பக்கத்தில், நான் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். மேலே பார்க்கவில்லை.

"ஏன்னா... விடுங்கோ."

டக்.

லீவர் விலகியது. சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டு மேலே எழும்பியது. அர்விந்த் கையிலிருந்து ஒரு டம்ளர் விழுந்தது. மணி 7:34.

வண்டி சோதனையில் தேறியது. கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று சோதித்தவர் குறிப்பிட்டுச் சொன்னார். அது என் வேலைதானா என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் சாவியைக் கொடுக்கப் போனபோது மாமி சொன்னார்.

"அன்னிக்கும் இதே வேலைதான். நான் கீழே, அவர் வண்டி மேல. இழுங்கோன்னேன், இழுத்தார். அந்த நேரம் பார்த்து மேல குக்கர் கத்தித்து. அப்படியே பிடிச்சுண்டிருங்கோ, வந்துடறேன்னு போனேன். மெட்ராஸ்லேர்ந்து அக்கா போன். முக்கால் மணி பேசிட்டேன். இறங்கி வந்தா, வண்டி மேலயே சுவத்துல சாஞ்சு உக்காந்திண்டிருக்கார். ஹார்ட். லீவரை மட்டும் விடலை. விரலைப் பிரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது."

சாவியைக் கையில் மூடிக்கொண்டார்.

"நான் மேல ஏறி அஞ்சு நிமிஷத்துக்குள்ளேயே போயிட்டார்னு டாக்டர் சொன்னார். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, சேஷு... நடுவுல, அரை மணி கழிச்சு, பால்கனிலேர்ந்து குரல் கொடுத்தேன். இன்னும் பிடிச்சுண்டிருக்கேளான்னு."

"அப்புறம்?"

"‘ம்’னார்."